தென் பிரான்சின் தீஞ்சுவை மது

பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலுள் இறங்கி முடிவடையும் இடத்தில், பிரான்சு நாட்டின் தென்கோடியில், ரூசியோன் என்னும் சிறு நிலப்பகுதி கிடக்கின்றது. ஒரு புறம் கடல்; மறு புறம் பனி மூடிய மலை; இடையிலே வெயிலால் வெந்த கற்சரிவுகள். அந்நிலம் இன்று பிரெஞ்சு மண்ணாயினும் அங்குள்ள முதியோர் நாவிற் கத்தலான் மொழி இன்னும் வழங்குகின்றது. 1659ஆம் ஆண்டு பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கையினாலேயே அது பிரான்சின் உடைமையாயிற்று. அதற்கு முன்னர், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மயோர்க்கா அரசர்களின் தலைநகராக விளங்கியது அங்குள்ள பேர்ப்பிஞான் நகரம். பிரெஞ்சு மக்கள் "இயற்கை இனிப்பு வைன்" என்று பெயரிட்டழைக்கும் ஒருவகை முந்திரிகை மதுவின் கதை அந்நாடும் அக்காலமும் தொட்டே தொடங்குகின்றது.

முந்திரிகைப் பழத்தின் சாற்றைக் கலத்தில் விட்டு வைத்தால் அது தானாகவே பொங்கி நொதிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. மதுவம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு அற்ககோலாக மாற்றுகின்றது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறக்குறைய 17 கிறாம் சர்க்கரை அழிந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு அற்ககோல் பிறக்கும். சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிட்டால் மதுவில் இனிப்பு இராது. புளிப்பும் துவர்ப்புமே எஞ்சும். ஆனால் ரூசியோன் போன்ற வெப்பப் பகுதிகளில் விளையும் பழத்திற் சர்க்கரை மிகுதி. மலையிலிருந்து இறங்கிவரும் திரமொந்தான் என்னும் வறண்ட காற்று பழத்தின் நீரை உறிஞ்சி அதன் இனிப்பை மேலும் செறிவாக்குகின்றது. அத்தகைய சாறு நொதிக்கும்போது மதுவம் இடைவழியிற் களைத்து நின்றுவிடுவதுண்டு. அவ்வாறு எஞ்சிய இனிப்பைப் பண்டைய உரோமரும் விரும்பிப் பருகினர். ஆயினும் அஃது உறுதியற்ற இனிப்பு. மாரி கழிந்து வெயில் ஏறியதும், உறங்கிக் கிடந்த மதுவம் விழித்தெழும். பீப்பாய் மீண்டும் பொங்கும். இனிமை போய்ப் புளிப்பு வரும். தொலைநாட்டுக்குக் கப்பலேற்றிய சரக்கு துறைமுகம் சேருமுன் கெட்டுப்போதல் அக்கால வணிகருக்கு வழக்கமான இழப்பாகும்.

யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளிலும் இதே இடர் உண்டு. முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் சாறு கருப்பநீராக இனித்து நிற்கும். தடவாவிடிற் சில மணி நேரத்திற் கள்ளாகிவிடும். பனஞ்சாற்றுக்குச் சுண்ணாம்பு செய்த தொழிலை முந்திரிகைச் சாற்றுக்குச் செய்ய வல்லது எது? இக்கேள்விக்கு விடையளித்தவராக மரபு வழியிற் போற்றப்படுபவர் ஆர்னவ் த விலனோவா என்னும் கத்தலான் மருத்துவர்.

ஏறக்குறைய 1240இற் பிறந்து 1311இல் மறைந்த இவர், அரசர்களுக்கும் போப்பாண்டவர்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். மொன்பெலியே நகரின் புகழ்பெற்ற மருத்துவக் கல்விக்கூடத்திற் போதித்தவர். அரபு மொழியிலிருந்து மருத்துவ நூல்களை இலத்தீனுக்குப் பெயர்த்தவர். அரபு நாட்டு அறிஞரின் வாலை, அதாவது சாராயம் வடிக்கும் கருவி, அக்காலத்தில் ஐரோப்பாவுக்குப் புதிது. அதில் வடித்தெடுத்த ஆவிநீரை "உயிர்நீர்" என்று பெயரிட்டு மருந்தாக மதித்தனர். நொதிக்கும் முந்திரிகைச் சாற்றில் இவ்வுயிர்நீரைச் சிறிது வார்த்தால் நொதித்தல் அடங்கி இனிமை நிலைக்கும் என்று ஆர்னவ் 1285இற் கண்டறிந்தார் என்றும், 1299இல் மயோர்க்கா அரசர் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கினார் என்றும் ரூசியோன் மக்கள் கூறுவர். வரலாற்றாசிரியர்கள் இதனை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. மதுக்களைப் பற்றி அவர் பெயரால் வழங்கும் நூலே அவர் எழுதியதுதானா என்பதில் ஐயமுண்டு. பெரிய மனிதர் ஒருவர் வாழ்ந்தால், அவ்வூரில் நடந்த நல்ல காரியங்கள் யாவும் அவர் கணக்கிற் சேர்ந்துவிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கந்தானே! எனினும் வாலையும் மருத்துவமும் முந்திரிகைத் தோட்டமும் ஒருங்கு கூடிய அந்நிலத்தில் அக்கலை வேரூன்றியது என்பதில் வியப்பில்லை.

அதன் நுட்பம் எளியது. செய்கையோ கவனம் மிக்கது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, வேண்டிய இனிப்பு இன்னும் எஞ்சியிருக்கும் தறுவாயில், முந்திரிகையிலிருந்தே வடித்த, ஏறக்குறைய நூற்றுக்கு 96 பங்கு அற்ககோல் கொண்ட சுவையற்ற ஆவிநீரை, சாற்றின் அளவில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சேர்ப்பர். அற்ககோலின் அளவு திடீரென உயர்ந்ததும் மதுவம் மாள்கின்றது. பொங்கிய சாறு அடங்குகின்றது. பிரெஞ்சுக்காரர் இதனை "ஊமையாக்குதல்" என்பர். இரைந்துகொண்டிருந்த கலம் வாய் மூடுவதால் வந்த பெயர் இது. ஒரு நாள் முந்தினால் மது பாகு போலத் தெவிட்டும். ஒரு நாள் பிந்தினால் இனிப்புக் கரைந்துவிடும். போர்த்துக்கல் நாட்டுப் போட் வைனும் இவ்வழியிற் பிறந்ததே. ஆனால் அங்கே வலுக்குறைந்த ஆவிநீரை ஐந்தில் ஒரு பங்கு வரை ஊற்றுவர். ரூசியோனில் வார்ப்பது குறைவாதலால் பழத்தின் மணம் முன்னிற்கின்றது.

இங்கே ஒரு கேள்வி எழும். வெளியிலிருந்து ஆவிநீர் சேர்த்த பின் அதனை "இயற்கை" என்பது எங்ஙனம்? இச்சொல் வெறும் சொல்லன்று. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு அதிலே தொங்கிற்று.

மொன்பெலியேக்கு அண்மையிற் கடற்கரையிலுள்ள புரொந்தினியான் என்னும் ஊரின் மசுக்கா மது, ஐரோப்பிய அரண்மனைகளிற் பேர்பெற்றிருந்தது. பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாம் சனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், 1787இல் தென் பிரான்சிற் பயணஞ்செய்தபோது அவ்வூருக்குச் சென்று, லம்பேர் என்ற மருத்துவரின் தோட்டத்து மதுவைத் தேர்ந்து வாங்கினார்; ரிவசால்த் ஊரின் மசுக்காவும் அவர் மனத்தைக் கவர்ந்தது. புகழ் வந்தால் போலியும் வரும். புரொந்தினியானுக்கு அடுத்த துறைமுகமான சேத் நகரில், 19ஆம் நூற்றாண்டில், எந்த மதுவையும் எந்த மதுவாகவும் சமைத்துத் தரும் தொழிற்சாலைகள் பெருகின. மலிந்த வெள்ளை வைனிற் சர்க்கரையும் சாராயமும் வாசனையும் கூட்டி, மதேரா என்றும் மசுக்கா என்றும் முத்திரை குத்தி அனுப்பினர்.

அதன்மேல் வந்தது பெருங்கேடு. அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சரா என்னும் நுண்பூச்சி 1863 அளவிற் கார் மாவட்டத்து முந்திரிகை வேர்களை அரிக்கத் தொடங்கியது. 1868இல் மொன்பெலியேயைச் சேர்ந்த பிளான்சோன் என்னும் தாவரவியலாளரும் அவர் கூட்டாளிகளும் வேரை அகழ்ந்து அப்பூச்சியைக் கண்டுபிடித்தனர். எனினும் அதற்குள் அது பரவிவிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளிற் கொடிகள் வரிசை வரிசையாக மாண்டன. பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்த்தண்டில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுவதே வழி என்று தெளிந்து மீண்டும் நடுவதற்குள் ஒரு தலைமுறை கடந்தது. மது குறைந்த அவ்விடைவெளியில், உலர்ந்த முந்திரிகையை நீரில் ஊறவைத்தும் பீற்றுச் சர்க்கரையைக் கரைத்தும் செய்த செயற்கை மது சந்தையை நிரப்பிவிட்டது. தோட்டங்கள் மீண்டபோதோ விலை வீழ்ந்து கிடந்தது.

இந்நிலையில் ரூசியோன் விவசாயிகள் வேண்டி நின்றது யாதெனில், தம் மது சாராய வகையாகக் கருதப்பட்டுக் கடுமையான வரிக்கு உட்படாமல், வைன் வகையாகவே கருதப்பட வேண்டும் என்பதாம். அம்மாவட்டத்துப் பிரதிநிதியான ஜூல் பாம்ஸின் முயற்சியால் 1898இற் பிறந்த சட்டம் அதற்கு இடமளித்தது. மதுவிலுள்ள இனிப்பு முழுவதும் பழத்திலிருந்தே வந்ததாக இருத்தல் வேண்டும். வெளிச்சர்க்கரை ஒரு துகளும் கூடாது. இதுவே "இயற்கை" என்ற சொல்லின் பொருள். சாற்றின் இயல்பான சர்க்கரை லீற்றருக்கு 252 கிறாமுக்குக் குறையலாகாது என்பது இன்றும் நிற்கும் விதி. சேத் நகரத்துச் சமையல்காரரை வெளியே நிறுத்திய வேலி அந்த விதியே. 1914இல் வந்த சட்டம் குறிப்பிட்ட ஊர்களுக்கும் மசுக்கா, கிரெனாஸ், மக்கபேயு, மல்வசியா ஆகிய கொடிகளுக்கும் இவ்வுரிமையை வரையறுத்தது.

இவ்விரு சட்டங்களுக்கும் இடையே நிகழ்ந்ததோ ஒரு கிளர்ச்சி. 1907ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஆர்செலியே என்ற சிற்றூரின் கடைக்காரரும் தோட்டக்காரருமான மார்சலன் அல்பேர் என்பவரின் பின்னே தென் பிரான்சு முழுவதும் திரண்டெழுந்தது. ஜூன் 9ஆம் நாள் மொன்பெலியேயில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். நார்பொன் நகரிற் படையினர் சுட்டதில் மக்கள் சிலர் உயிரிழந்தனர். உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட 17ஆம் காலாட்படையணி, தம் உறவினர் மீது துப்பாக்கி நீட்ட மறுத்துப் பெசியே நகரை அடைந்தது. அம்மாத இறுதியிலேயே மதுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. தலைவர் அல்பேர் நிலைமைதான் இரங்கத்தக்கது. இரகசியமாகப் பாரிசு சென்று பிரதமர் கிளெமென்சோவைக் கண்ட அவர், திரும்பும் செலவுக்கென அவர் தந்த 100 பிராங்கை ஏற்றுக்கொண்டார். அச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததும் அவர் மதிப்பு ஒரு நாளிற் சரிந்தது. பின்னர் 1936இற் பன்யூல்ஸ், மோரி, ரிவசால்த், புரொந்தினியான் ஆகிய ஊர்ப்பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைத்தது.

பன்யூல்ஸ் மது விளையும் நிலத்தைப் பார்த்தவர்கள் அதன் விலையைக் குறைகூறமாட்டார்கள். கொலியூர், போர் வாந்திர், பன்யூல்ஸ், சேர்பேர் ஆகிய நான்கு கடற்கரை ஊர்களின் பின்னே, செங்குத்தான சரிவுகளில், சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்கள் படிப்படியாக ஏறுகின்றன. மண் என்று சொல்ல அங்கு அதிகமில்லை. தட்டுத்தட்டாகப் பிளக்கும் சிஸ்ட் என்ற கல்லின் பிளவுகளிலேயே வேர் இறங்கவேண்டும். இலையுதிர்கால இடிமழை ஒரே இரவில் தோட்டத்தைக் கடலுக்கு அடித்துச் செல்லக்கூடியது. ஆதலின் கற்பாவிய வாய்க்கால்களைக் குறுக்கும் சாய்வுமாக வெட்டி வைத்துள்ளனர். மேலிருந்து நோக்கினால் அவை கோழிக்காலின் விரல்கள் போலத் தோன்றுவதாற் "சேவற்கால்" என்றே பெயர். தெம்பிளர் என்னும் துறவி வீரர்கள் இதனை அமைத்தனர் என்பது ஊர்க்கதை. பொறியேதும் ஏறவியலாத அச்சரிவிற் கொத்தும் கூடையும் கோவேறு கழுதையுமே துணை. ஒரு ஹெக்ரேயரில் 20 ஹெக்ரோலீற்றர் கிடைத்தாலே நல்ல விளைச்சல் எனக் கொள்வர். சிற்பி அரிஸ்தீத் மையோல் 1861இற் பிறந்ததும் இவ்வூரிலேதான். அவர் செதுக்கிய பெண்ணுருவங்களின் திண்மையில், கூடை சுமந்து அச்சரிவேறும் பெண்களின் தோற்றம் தெரிகின்றது எனலாம்.

சமயமும் இம்மதுவுக்குக் கைகொடுத்தது. பூசைக்குரிய மது கலப்பற்ற முந்திரிகை மதுவாக இருத்தல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பன்யூல்ஸ் பங்குத் தந்தை ரூஸ் அடிகள், தம் ஊர்க் கோயிற் கட்டடச் செலவைத் திரட்டுவதற்காக ஊர் மதுவைப் பூசை மதுவாகப் பிற பங்குகளுக்கு விற்றார்.

செய்த மதுவை வைத்துக் காக்கும் முறையிலும் இருவகை உண்டு. மசுக்கா மதுவைக் காற்றுப்படாமல் வைத்து, பூவும் புதுப்பழமும் கமழும் இளமையிலேயே பருகுவர். கருங்கிரெனாஸ் மதுவையோ காற்றிலும் வெயிலிலும் வருத்துவர். மோரி என்ற ஊரில், பெரிய கண்ணாடிக் குடுவைகளில் மதுவை நிரப்பித் திறந்த வெளியில், மாரிக்குளிரும் கோடை வெயிலும் படும்படி, ஓராண்டு நிறுத்திவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. வேறெந்த வைனும் அக்கொடுமையில் அழிந்துவிடும். இதுவோ நிறம் மாறிச் செங்கல்லாகிப் பின் தேன்மெழுகாகி, வாதுமையும் காய்ந்த அத்தியும் கோப்பியும் கலந்த ஒரு மணம் பெறுகின்றது. அம்மணத்தைக் கத்தலான் மக்கள் "ரன்சியோ" என்பர். பன்யூல்ஸின் உயர்ந்த வகை 30 மாதங்களேனும் மரப்பீப்பாயில் உறங்கவேண்டும் என்பது விதி.

இனி, உணவோடு இதன் உறவைக் காண்போம். மது அருந்தாத நேயர்களுக்கும் இஃது ஒரு சுவைநூற் செய்தியே. இனிப்பு மதுவை இனிப்புப் பண்டத்தோடு மட்டுமே சேர்க்கலாம் என்பது பொதுவான எண்ணம். அது முற்றும் சரியன்று. இதன் தலைசிறந்த துணைகளுள் ஒன்று உப்புக் கரிக்கும் ரொக்போர் பாற்கட்டி. கொம்பலூ குன்றின் குளிர்ந்த குகைகளில், செம்மறியாட்டுப் பாலிலிருந்து முதிரும் அந்த நீலப்பூசணப் பாற்கட்டிக்கு 1925இலேயே பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் உப்பும் காரமும் மதுவின் இனிமையைத் தாங்குகின்றன. மதுவின் இனிமை அதன் கடுமையைத் தணிக்கின்றது. மாம்பழத்தின் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்பார் இதனை விளக்கமின்றியே அறிவர். கொழுத்த வாத்தின் ஈரலுடன் மசுக்காவைப் பருகுவதும் இம்முறை பற்றியதே.

இனிப்புப் பண்டமாயின் ஒரு கட்டுப்பாடு உண்டு: பண்டம் மதுவை விட இனித்தலாகாது. இனித்தால் மது புளித்துத் தோன்றும். சொக்கிலேற்றுக்கு முன்னே பெரும்பாலான வைன்கள் தலைகவிழ்வதற்குக் காரணம் இதுவும், அதன் கசப்புமாகும். போர்தோவின் புகழ்பெற்ற இனிய வெள்ளை மதுக்களும் அதனிடம் தோற்கும். பன்யூல்ஸும் மோரியுமோ கருங்கிரெனாஸின் துவர்ப்பையும், பீப்பாய் தந்த கொக்கோ மணத்தையும் தம்முள்ளே கொண்டிருப்பதால், சொக்கிலேற்றைப் பகைவனாக அன்றி உறவினனாக ஏற்கின்றன. கறுத்த, சர்க்கரை குறைந்த சொக்கிலேற்றே இதற்கு ஏற்றது, பாற்சொக்கிலேற்றுத் தெவிட்டும். பாரிசு நகரத்துச் சமையற்கலைஞர் அலேன் சாந்தெரான், பண்டை உரோமரின் முறையைத் தழுவித் தேனும் நறுமணப் பொருள்களும் பூசி வறுத்த வாத்துக்குப் பழைய பன்யூல்ஸை இணையாக வைத்து, இம்மது உணவின் நடுவிலும் நிற்கவல்லது என்று காட்டினார்.

ஊர்மக்களின் வழக்கம் இவ்வளவு ஆடம்பரமானதன்று. வெள்ளைச் சர்க்கரைப் பூச்சுடன் வளையமாகச் செய்யும் ருஸ்கீய் என்னும் பிஸ்கற்றையும், உயிர்த்த ஞாயிற்றுக் காலத்தில் எண்ணெயிற் பொரிக்கும் மெல்லிய புன்யெத்தையும் மசுக்காவுடன் உண்பர். முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சி, மேலே சர்க்கரையைச் சுட்டுக் கருக்கிய கத்தலான் பாற்களியில் எலுமிச்சைத் தோலும் கறுவாவும் மணக்கும். அக்கறுவா வழியாக இலங்கைத் தீவுக்கும் அந்நாட்டுக்கும் பழைய உறவொன்று உண்டு. இடைக்கால மொன்பெலியே நறுமணப் பொருள் வணிகர்களின் நகரம். கறுவாவும் இஞ்சியும் தேனும் கூட்டிய இப்போக்கிராஸ் என்ற மதுவை உணவின் முடிவில் பருகுவது அக்காலச் செல்வர் வழக்கம். அரபு வணிகர் கைமாறி மத்தியதரைக் கடலைச் சேர்ந்த கறுவாவில் இலங்கைக் கறுவாவுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ரோன் ஆற்றுப் பக்கத்திலுள்ள போம் த வெனீஸ் ஊரின் மசுக்காவுக்குத் துணை, அயலிலுள்ள கவயோன் முலாம்பழம். எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமா, 1864இல் அந்நகர நூலகத்துக்குத் தம் நூல்களை வழங்கியதற்கு ஈடாக, ஆண்டுதோறும் 12 முலாம்பழங்களைத் தம் வாழ்நாள் முழுதும் அனுப்பவேண்டுமெனக் கேட்டுப் பெற்றார் என்றால் அதன் சுவையை உணரலாம். பழத்தைக் குடைந்து குழியில் மதுவை ஊற்றிப் பரிமாறுவாரும் உளர். அது பழத்தையும் மதுவையும் ஒருங்கே கெடுக்கும். குளிர்ந்த பழம் தட்டிலும் குளிர்ந்த மது கிண்ணத்திலும் இருப்பதே முறை.

இத்தனை பெருமை இருந்தும் அந்நிலத்தின் இன்றைய நிலை மகிழத்தக்கதன்று. உணவுக்கு முன் ஒரு சிறு கிண்ணம் இனிய மது பருகும் பிரெஞ்சு வழக்கம் 1980களிலிருந்து தளர்ந்துவிட்டது, விற்பனை சரிந்தது, ரிவசால்த் சமவெளியிற் பல தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. அப்பெயருக்கு வேறொரு துயர நினைவும் உண்டு: இரண்டாம் உலகப் போரின்போது ரிவசால்த்துக்கு அருகே இருந்த தடுப்பு முகாமிலிருந்து 1942இல் 2,000க்கும் மேற்பட்ட யூதர்கள் அவுஸ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர், 2015இல் அவ்விடத்தில் நினைவகம் திறக்கப்பட்டது.

பன்யூல்ஸ் சரிவுகளிலோ அதே கொடிகளின் பழத்திலிருந்து இனிப்பற்ற கொலியூர் மதுவைச் செய்ய 1971 முதல் உரிமை உண்டு; மோரியிலும் 2011இல் அவ்வாறே இனிப்பற்ற மதுவுக்கு இடமளிக்கப்பட்டது. இளந்தலைமுறையினர் பலர் அவ்வழிக்குத் திரும்பிவிட்டனர். பராமரிப்பாரற்ற கற்சுவர்கள் ஆங்காங்கே சரிகின்றன. 2022 முதல் அம்மாவட்டத்தை வாட்டிய கொடிய வறட்சி, வேர்கள் ஆழச் சென்ற முதிய கொடிகளையும் உலர்த்தியது.

ஆயினும் பழைய நிலவறைகளிற் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி மதுக்கள் இன்னும் பீப்பாய்களில் உள்ளன. வேறெந்த வைனும் அவ்வளவு காலம் கெடாமல் நிற்பது அரிது. நின்றாலும் எளியவர் வாங்கும் விலையில் இராது. அறுபது, எழுபது வயது நிரம்புவோருக்கு அவர்கள் பிறந்த ஆண்டு பொறித்த ரிவசால்த் போத்தல் ஒன்றைத் தேடிப் பரிசளிக்கும் வழக்கம் பிரான்சில் அதனால் ஏற்பட்டிருக்கின்றது.